மவுசுப் பூச்சி வீட்டு வயரு

இந்தக் கிளிப்பக் கொஞ்சம் பிடிங்கண்ணே, கை ஈரமா இருக்கு... ஆங், அப்படியே வச்சிருங்க. எல்லாம் குழந்தை துணி. பெத்தது என்னமோ ஒண்ணுதான், நனைக்கிறது பத்துப் பிள்ளைக்கு! நீங்க உங்க நெட்டு வயரப் பாருங்க, நான் பாட்டுக்குப் பிழிஞ்சு போடுறேன். எனக்குப் புது ஆளுங்க முன்னாடி வாயே வராது. கூச்ச சுபாவம்.

ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த நெட்டு போனதுலருந்து இந்த வீட்டுல மனுசி இருக்க முடியல. நெட்டு வந்துதான் குடும்பம் கெட்டுச்சுங்கிறாங்களே, சுத்தப் பொய்யிண்ணே! நெட்டு இருந்தவரைக்கும் ஆளுக்கொரு மூலையில குனிஞ்ச தலை நிமிராம கெடந்தாங்க. நான் நிம்மதியா இருந்தேன். இப்ப நிமிர்ந்துட்டாங்க. நிமிர்ந்து என்னைப் பாக்கிறாங்க!

எங்க வீட்டுக்காரரு அடுப்படிக்கு வந்து, "உப்பு டப்பா ஏன் இவ்ளோ தூரத்துல இருக்கு?"ங்கிறாரு. கல்யாணமான நாள்லருந்து அது அங்கதான் இருக்கு. எடுத்து சீனி டப்பா இடத்துல வச்சுட்டாரு. காலையில எல்லாருக்கும் உப்பு டீ. அத்தை இருக்காங்களே, குழந்தைக்கு யாரு மூக்குன்னு ஆரம்பிச்சு, ரெண்டு வீட்டு மூக்கையும் ஒவ்வொண்ணா அலசி, கடைசில எங்கம்மா மூக்குல வந்து சண்டை பிடிச்சு நிக்கிறாங்க. எங்கம்மா ஊருலயே இல்ல!

இதெல்லாம்கூடப் பரவால்ல. மாமா இருக்காரே... மாமனாருண்ணே. அவரு கதை தனி.

எங்க வீட்டுக்காரரு பள்ளிக்கூடம் படிச்சப்ப, கம்ப்யூட்டர் கடையில போயி மணிக்கணக்குல உக்காருவாராம். மாமா போயி காதப் பிடிச்சு இழுத்துட்டு வருவாராம். அப்ப வச்ச பேருதான் 'மவுசுப் பூச்சி'. எந்நேரமும் மவுசும் கையுமா நெட்டுல ஒட்டிக் கெடந்தாருல்ல, அதனால. அந்தப் பேரு ஒட்டுச்சு பாருங்க, இன்னும் போகல! கல்யாண மேடையில ஏறுனவங்கள்லாம் "என்னடா பூச்சி"ன்னு கைகுடுக்கிறாங்க. பொண்ணு நான், மாலையோட திருதிருன்னு முழிக்கிறேன். பால்காரரு இன்னும் 'பூச்சி வீடு'ன்னுதான் சொல்றாரு. நீங்களும் அப்படிக் கேட்டுத்தான வந்தீங்க? பாத்தீங்களா!

போன மாசம் நாத்தனார் மக வந்திருந்தா. மாமா அவளையும் 'மவுசுப் பூச்சி'ன்னாரு. விழுந்து விழுந்து சிரிக்கிறா. "தாத்தா, அந்தப் பேச்செல்லாம் பழசு. இப்ப யாரும் அப்படிச் சொல்றதில்ல"ங்கிறா. "பின்ன என்னன்னு சொல்றாங்க?" "ஒண்ணும் சொல்றதில்ல. எல்லாருமே அப்படித்தான் கெடக்கிறாங்க. யாரை யாரு சொல்றது?"

மாமாவுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. புதுப் பேரு கண்டுபிடிக்காம விடமாட்டேன்னு போன எடுத்தவருதான், கீழ வைக்கல. நெட்டே கதின்னு கெடக்கிறவங்கள என்னன்னு திட்டலாம்னு, பொழுதன்னைக்கும் நெட்டுலயே கெடந்து தேடுறாரு! தட்டுல சோறு காஞ்சுபோகும். "இருங்கடா பூச்சிகளா, கிட்ட வந்துட்டேன்"பாரு. அந்த நேரம் பாத்துத்தாண்ணே, பொசுக்குன்னு நெட்டு போச்சு.

ஆடித் தீத்துட்டாரு! "இதக் கெடுத்தது யாரா இருந்தாலும் சரி, ஒரு பேரு வைக்கிறேன் பாரு, அவங்க பேரன் கல்யாணம் வரைக்கும் நிக்கும்"னு சபதம். வைப்பாருண்ணே, சும்மா இல்ல. மாடி வீட்டு சாரு ஒரு நாள் கைதவறி ஒரு சட்டியக் கீழ போட்டாரு. அன்னையிலருந்து அவரு 'சட்டி'. பெரிய உத்தியோகம் அண்ணே, இப்ப அவரு சம்சாரமே அப்படித்தான் கூப்பிடுது.

என்னண்ணே, மேலயே பாக்கிறீங்க? அது போர்வை. தடிப்போர்வை, குழந்தை நனைச்சது. பிழியவும் முடியல, நாள் கணக்கா தொங்குது, காய மாட்டேங்குது. ஒரு கொடி கட்டிக் குடுங்க, ஒரே ஒரு கொடின்னு பாப்பா பொறந்ததுலருந்து இவருகிட்டக் கேக்கிறேன். நிமிர்ந்தாத்தான கட்டுறதுக்கு! அப்புறம் நானே பாத்தேன், கம்பத்துலருந்து நம்ம சன்னலுக்கு இந்தக் கறுப்பு வயரு சும்மா தொங்கிட்டு இருந்துச்சு. யாருக்கும் பிரயோசனமில்லாமத்தான கெடக்குன்னு எடுத்து...

என்ன? இதா? இதுதானா அண்ணே?

கண்ணாடியா! வயருக்குள்ள எவன் கண்ணாடி நூலக் கொண்டுபோயி வைப்பான்? மடங்குனா அதுக்குள்ள வெளிச்சம் போகாதா, வெளிச்சம் போகலன்னா நெட்டும் வராதா... அடக் கடவுளே, நான் சட்டை, சாக்ஸு, போர்வைன்னு இழுத்து இழுத்துல்ல கிளிப்பு போட்டேன்!

அண்ணே, உங்க காலப் பிடிச்சுக் கேக்கிறேன், காக்கா உக்காந்துச்சுன்னு சொல்லிடுங்க. பெரிய காக்கா. அணில் கடிச்சதுன்னாலும் சரி. இருங்க, போர்வைய எடுக்கிறேன்... ஒரு கை குடுங்க, மலை மாதிரி கனக்குது... ஆங்!

கேட்டீங்களா? உள்ள போனெல்லாம் டிங்கு டிங்குன்னு! வந்துருச்சுண்ணே! இனிமே பாருங்க, எல்லாத் தலையும் ஒண்ணா குனியும். உப்பு உப்பு இடத்துக்குப் போகும், மூக்கு மூக்கு இடத்துல இருக்கும். அப்பாடா...

அந்த சன்னல் ஏன் திறந்திருக்கு? எப்பலருந்து திறந்திருக்கு? ஐயோ, போன்ல நெட்டு இல்லாத மனுசன் இவ்ளோ நேரமா வேற எதக் கேட்டுக்கிட்டு இருந்திருப்பாரு...

என்ன மாமா? கூப்பிட்டீங்களா?

என்ன... கிளிப்பா? யாரு கிளிப்பு?

இந்தா வந்துட்டேன் மாமா! அண்ணே, சீட்டுல எங்க வீட்டு அடையாளம் எழுதுவீங்கல்ல, பூச்சி வீடுன்னே எழுதுங்க, நல்ல பேருண்ணே, எத்தனை வருசத்துப் பேரு! தெருவுல யாரு கேட்டாலும் மவுசுப் பூச்சி வீடுன்னு சொல்லுங்க, தப்பித் தவறிக்கூட கிளிப்பு வீடுன்னு மட்டும்...