ஒன்பதாவது அடியில் குழாய்

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் குடியிருப்போர் சங்கத்துத் தலைவி அம்மையார் அவர்களே, வேலை முடித்த களைப்பு முகத்திலிருந்து கலையும் முன்பே வந்து அமர்ந்துவிட்ட பெரியோர்களே, இடுப்பில் குழந்தையும் இதயத்தில் கவலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் மதில்மேல் இடம்பிடித்த தம்பிமார்களே, உங்கள் எல்லோருக்கும் தலைதாழ்ந்த வணக்கம்.

முன்வரிசையில் கை தட்டுகிறார்கள். சற்றுப் பொறுங்கள் தம்பி. வேலை போய் வாடகை கொடுக்க முடியாமல் தவிப்பவரை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று ஒரு பாதுகாப்பு இருந்ததே, சென்ற ஆண்டு நகர மன்றம் அதை நீக்கியதே, நீக்கச் சொல்லிக் கை தூக்கிய உறுப்பினர்களில் நானும் ஒருவன். இனித் தட்டுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஏன் தூக்கினேன்? அவசரத்துக்கு வந்த சட்டம், அவசரம் தீர்ந்தது என்றார்கள். வாடகையை நம்பி மருந்து வாங்கும் முதியவர்களும் இருக்கிறார்களே என்றார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் யாருடைய அவசரம் தீர்ந்தது? எந்த வீட்டின் அவசரம் தீர்ந்தது? எந்த அடுப்பின் அவசரம் தீர்ந்தது? அன்று அதை நான் கேட்கவில்லை.

கேட்க வைத்தவர் ஒரு பெண்மணி. சட்டைத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் காலர் தைத்தவர். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஒரு நாள் என் அலுவலகத்துக்கு வந்து, “எங்க வீட்டுக்காரருக்கு அந்தப் பழைய வீட்டுக்குள்ள ஒரு தடவ நடக்கணுமாம், ஐயா” என்றார்.

“எந்த வீட்டுக்காரரும்மா?” என்று கேட்டேன்.

“என்னைக் கட்டினவருங்க. வீட்டுக்குச் சொந்தக்காரரு வேற ஆளு.”

சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய கணவர் பேருந்து ஓட்டியவர். நாற்பத்தோரு வயதில் கண்ணொளி கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஒருநாள் முற்றிலும் அணைந்தது. தெருவுக்கே அவர் இன்றும் ‘டிரைவர்’தான். பார்வை போன பிறகு அந்த வாடகை வீட்டைக் காலால் படித்தார். கட்டிலிலிருந்து ஒன்பதாவது அடியில் குழாய். குழாயிலிருந்து இடப்பக்கம் திரும்பினால் நாலாவது அடியில் அடுப்பு. மனைவி வேலைவிட்டு வரும் நேரத்துக்குத் தேநீர் போட்டு வைத்திருப்பார். “கண்ணுதான் போச்சு, ரூட்டு போகல” என்பார்.

பாதுகாப்பு நீங்கிய நாற்பதாம் நாள், வாடகை பாக்கிக்காக அவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. புது இடம் ஒரு கிடங்கின் பின்னால், மாடியில் ஓர் அறை. தண்ணீருக்குக் கீழே இறங்க வேண்டும். டிரைவர் கட்டிலைவிட்டு எழுவதையே நிறுத்திவிட்டார். பழைய வீடோ, ஆளில்லாமல் பூட்டியே கிடந்தது.

சொந்தக்காரரிடம் பேசிச் சாவி வாங்கி, நானும் கூடவே போனேன். வாசல்வரை மனைவியின் தோளைப் பிடித்து வந்தவர், வாசலில் கையை எடுத்துவிட்டார். உள்வாசல் நிலை உயரம் குறைவு. யாரும் சொல்லாமலே தலையைக் குனிந்தார். கட்டில் இருந்த மூலைக்குப் போய் நின்றார். அங்கிருந்து நடந்தார். ஒன்பதாவது அடியில் கை நீட்டிக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. வெறுங்குழாயின் கீழே உள்ளங்கையை ஏந்தியபடி நின்றார்.

“இந்த வீட்டுல நான் குருடன் இல்லீங்க, சார்,” என்றார். “வெளியிலதான்.”

அவரிடம் சொல்லாமல் போக முடியவில்லை. “அந்தச் சட்டத்த எடுக்கச் சொல்லி நானும் கை தூக்கினேங்க,” என்றேன்.

குழாயைத் திருகி மூடினார். பிறகு, “அப்போ நீங்க இந்த வீட்டப் பாத்ததில்லையே, சார்,” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், தோழர்களே. அறைந்திருந்தால் வாங்கியிருப்பேன். அவர் எனக்காகச் சமாதானம் சொன்னார்.

பின்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார், “அந்த வீட்ட அவங்களுக்கே திருப்பிக் குடுக்கலாமே?” கொடுக்கலாம் அம்மா, வீடு இருந்தால். போன வாரம் நடுச்சுவரை இடித்துக் கிடங்காக்கிவிட்டார்கள். அவர் காலுக்குத் தெரிந்த தூரம் எதுவும் இனி அங்கே இல்லை. எந்தத் தீர்மானமும் அதைத் திருப்பித் தராது. நாளை காலை மன்றத்தில் பாதுகாப்பை மீண்டும் கொண்டுவரத் தீர்மானம் வைக்கிறேன். வெல்ல இன்னும் இரண்டு பேர் தேவை. அந்த இரண்டு பேரும் உங்கள் தெருக்களில் வாக்குக் கேட்டு வந்தவர்கள்தான். இன்று நீங்கள் அவர்கள் வாசலுக்குப் போங்கள். ஏச வேண்டாம், கல் எறிய வேண்டாம். அழைத்து வந்து உங்கள் வீட்டைக் காட்டுங்கள். எத்தனை அடியில் எது இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இங்கே வருமுன் டிரைவரைப் பார்த்துவிட்டு வந்தேன். எழுந்து நடக்கத் தொடங்கியிருக்கிறார். “புது ரூமுல ஆறு அடி பழகிட்டேன், சார்,” என்றார். பிறகு கேட்டார், “முழுசாப் பழகுற வரைக்குமாவது இங்க இருக்க விடுவாங்களா?”

நாளை மன்றத்துக்கு வாருங்கள், சேர்ந்து அவருக்குப் பதில் வாங்குவோம். தவறு செய்தவனையும் பேசவிட்ட தலைவி அம்மையாருக்கும், தட்டிய கைகளுக்கும், தட்டாத கைகளுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.