சேலம் போகுமா என்று கேட்பவர்

குப்பனூர் வழியாகச் சேலம் இறங்கும் மாலை பஸ்சுக்காக ஏற்காட்டில் நின்றிருந்தோம். பஸ் வந்ததும், பேங்கில் வேலை பார்க்கும் வடநாட்டுக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்ற, வழியிலுள்ள கொட்டச்சேடு ஊரைச் சேர்ந்த ஒரு அம்மாவிடம் கேட்டார்.

"ஏனுங்க, இந்த பஸ் சேலம் போகுங்களா?"

"நேத்தும் இதையேதான் கேட்டீங்க. தெனமும் இதுலதானே போறீங்க?"

"போகும்னு தெரியும்ங்க. கேட்டா யாராவது பேசுவாங்க, அதான்."

அந்த அம்மா ஏறி உட்கார்ந்தார். பஸ் கிளம்பிய பிறகுதான் பின்சீட்டில் இருந்த அவர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"கான்பூருங்க. இங்க மாத்திட்டாங்க. சேலத்துல ஊடு எடுத்திருக்கேன்."

"நொம்பத் தூரமாச்சே. ஊட்டுல யாரு இருக்காங்க?"

"நான் மட்டும்தாங்க. ஞாயித்துக்கெழம பூரா வாயத் தொறக்க வேலையே இருக்காது. திங்கக்கெழம காலையில பேசுனா தொண்டை கம்முது."

"தமிழ் நல்லாத்தானே பேசறீங்க?"

"கத்துக்கிட்டேங்க. பேசத்தான் ஆளு இல்ல."

கொட்டச்சேட்டில் அந்த அம்மா இறங்கிக்கொண்டார். அதன்பிறகு சேலம் வரை பேங்க்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார்.

மறுநாள் மாலை, பஸ் வந்து நின்றதும் அந்த அம்மா நேராக அவரிடம் போனார்.

"ஏனுங்க சார், இந்த பஸ் கொட்டச்சேடு போகுமுங்களா?"

அவர் படியை விட்டு விலகி அந்த அம்மாவுக்கு வழிவிட்டார்.

"போகும்ங்க. ஏறி உக்காருங்க. உங்க ஸ்டாப் வந்தா நான் சொல்றேன்."

கொட்டச்சேடு வந்து பஸ் நின்றது. அவர் சொல்லும்வரை அந்த அம்மா எழுந்திருக்கவில்லை.