முப்பத்தோராம் உறை

பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. மூடி திறந்திருந்தால் மட்டும் பார்ப்பேன். எங்கள் தெருவில் காற்று அதிகம், மூடிகள் அடிக்கடி திறந்துகொள்ளும். டுவேன் டோலெஃப்சன் வீட்டுத் தொட்டியில், குறட்டைக்காக மூக்கின்மேல் ஒட்டிக்கொள்ளும் பட்டைகளின் காலி டப்பாக்கள் வாரத்துக்கு மூன்று கிடந்தது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அந்த ஒலிப்பதிவுக் கருவியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். என் குரல் கணீரென்று இருக்கும், அங்கிருந்தே பதியும். மாடிசனிலிருந்து மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறீர்கள். விசாரணைக்குழுவில் உங்களுக்கு முன்னால் வந்த இருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கோப்புகள் எங்கே என்று கேட்டார்கள், எடுத்துக்கொடுத்தேன், காபி குடித்துவிட்டுப் போனார்கள். நீங்கள் கேட்டீர்கள். அதனால் சொல்கிறேன்.

பெல்டன் ஃபால்ஸ் பல் மருத்துவக் கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக ஆய்வு ஒருங்கிணைப்பாளர் நான். ஆய்வில் சேர வருகிறவர்களுக்குத் தேதி கொடுப்பது, படிவம் நிரப்புவது, எண்களைக் கணினியில் ஏற்றுவது எல்லாம் என் வேலை. ஆய்வுக் கட்டுரையில் பெயர் வருவது டாக்டர் ரெய்ன்ஹோல்டுக்கு. நல்ல மனிதர். செயற்கைப் பல்லைப் பற்றி உலகத்தில் யாருக்கும் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். காரை எங்கே நிறுத்தினார் என்பது மட்டும் தெரியாது.

இந்த ஆய்வு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கானது. மேல்பல்லுக்கு ஒன்று, கீழ்ப்பல்லுக்கு ஒன்று என்று இரண்டு பிளாஸ்டிக் தகடுகள், இரு பக்கமும் திருகு. இரவில் மாட்டிக்கொண்டால் கீழ்த்தாடையை முன்னே இழுத்து வைக்கும், தொண்டை அடைக்காது. இது நிஜக் கருவி. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும் அல்லவா? அது பார்க்க அச்சு அசல் இதே மாதிரி இருக்கும், ஆனால் தாடையை இருந்த இடத்திலேயே விட்டுவிடும். வெறும் தகடு. யாருக்கு எது கிடைத்தது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வேறு ஊரில் ஒரு கணினி குலுக்கிப் போட்டு, அறுபத்துநான்கு சீட்டுகளில் ஒன்று அல்லது இரண்டு என்று எழுதி அனுப்பும். அதை உறையில் போட்டு ஒட்டி, எண் இட்டு, என் அலமாரியில் வைப்பேன். ஆள் சேரும்போது அடுத்த எண் உறையைப் பிரித்து, சீட்டை ஆய்வகத்துக்கு அனுப்புவேன். ஒன்று வந்தால் நிஜம். இரண்டு வந்தால் தகடு.

குலுக்கல் போட்டால்தான் நியாயம் என்கிறார்கள் படித்தவர்கள். குலுக்கலுக்கு யாரைத் தெரியும்? எனக்கு எல்லோரையும் தெரியும்.

நோயாளிகள் பொய் சொல்வார்கள், அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கருவிக்குள் அரிசியளவு ஒரு சில்லு வைத்திருப்போம். வாய்ச்சூட்டை வைத்து எத்தனை மணி நேரம் மாட்டினார்கள் என்று அது கணக்கெடுக்கும். போன ஆய்வில் ஒரு ஆள், வங்கியில் மேலாளர், தினமும் எட்டு மணி நேரம் மாட்டியதாக எழுதிக் கொடுத்தார். சில்லைப் பார்த்தால் எல்லா இரவும் நூற்றொரு டிகிரி.

"உடம்பு சரியில்லையா சார், ஒரு வாரமா காய்ச்சல் அடிச்சிருக்கே?" என்று கேட்டேன்.

"இல்லையே, நல்லாத்தான் இருக்கேன்."

"அப்போ நாய்க்கு எப்படி இருக்கு?"

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கருவியை நாயின் வயிற்றுக்கடியில் வைத்திருக்கிறார். நாயின் உடம்புச் சூடு எப்போதும் நூற்றொன்று. இந்த மாதிரி ஆளுக்கு நிஜக் கருவியைக் கொடுத்து என்ன பயன்? சொன்ன நேரத்துக்கு வந்து, குளிர்காலத்தில் பூட்ஸை வாசலிலேயே கழற்றி வைக்கிற லெனோர் புக்ஹோல்ஸ் மாதிரி ஒரு பெண்மணிக்குத் தகடு விழுந்தால் அது என்ன நியாயம்?

உறைக்குள் அலுமினியத் தாளைச் சுற்றி வைக்க வேண்டும் என்று விதிமுறையில் இருந்தது. உள்ளே இருப்பது வெளியே தெரியக்கூடாதாம். ஒரு சுருள் வாங்கினேன். உறைகளை ஒட்ட வேண்டிய போன அக்டோபர் வாரக்கடைசியில்தான் எங்கள் லூத்தரன் தேவாலயத்தின் அறுவடை விருந்து. ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டுபோக வேண்டும். நான் அவனில் சுட்டெடுத்துக் கொண்டுபோன உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் பெரிய தட்டு, மூடுவதற்குத் தாள் நிறையப் பிடித்தது. மீதி இருந்தது எனக்குப் போதவில்லை. உறைகளைத் தாள் இல்லாமல் ஒட்டிவிட்டேன். அப்போது மனதில் எந்தத் திட்டமும் இல்லை. எக்ஸ்ரே படம் பார்க்கும் விளக்குப் பெட்டி என் மேஜையில் எப்போதும் இருப்பதுதான். ஒருநாள் ஒரு உறையை அதன்மேல் வைத்தேன். சீட்டில் இருந்த எண் பளிச்சென்று தெரிந்தது.

நான் எந்த உறையையும் மாற்றவில்லை. அதைப் பதிவுசெய்யுங்கள். ஆட்களை மட்டும் மாற்றினேன். அடுத்த உறையில் இரண்டு இருந்தால், லெனோருக்குப் போன் செய்து, "டாக்டருக்கு அன்னிக்கு வேற வேலை வந்திருச்சு, அடுத்த வாரம் வரியா கண்ணு?" என்பேன். அவள் இடத்தில் ஒரு சிடுமூஞ்சியைக் கூப்பிடுவேன். அவ்வளவுதான். உங்கள் புள்ளியியல்காரர் இப்போது வந்து, நிஜக் கருவிக்காரர்கள் எல்லோரும் எப்படி இவ்வளவு ஒழுங்காக இருக்கிறார்கள் என்று வியக்கிறாராம். முதல் மாதமே வியந்திருக்கலாம், சம்பளம் வாங்கினாரே.

டுவேன் என் பக்கத்து வீட்டுக்காரர், பெவ்வின் கணவர். பால் டாங்கர் லாரி ஓட்டுகிறவர். ஐம்பத்தெட்டு வயது, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தோள். பனி கொட்டினால் அவர் வாசலைத் தள்ளிவிட்டு என் வாசலையும் தள்ளிவிடுவார். நான் கேட்டதில்லை. கேட்காமல் செய்கிற உதவி எனக்குப் பிடிக்காது, நன்றி சொல்லும் நேரத்தை அவர்களே முடிவு செய்கிறார்கள்.

டிசம்பர் நடுவில் வேலி ஓரமாக வந்து நின்றார். லாரி ஓட்டுநர்களுக்கான மருத்துவச் சான்றிதழைப் புதுப்பிக்கப் போன இடத்தில் கழுத்தை அளந்து பார்த்து, தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்லிவிட்டார்களாம்.

"மூஞ்சில மாஸ்க்கை மாட்டி குழாய் விடுவாங்களாமே ஆர்லிஸ். பெவ் என்னைப் பார்த்தா பயந்துடுவா. உங்க காலேஜ்ல ஏதோ வாயில வைக்கிற சமாச்சாரம் இருக்காமே?"

"இருக்கு. எல்லாருக்கும் கிடைக்காது."

"எனக்கு லாரியை விட்டா வேற வேலை தெரியாதும்மா. சான்றிதழ் போச்சுன்னா நான் அவ்வளவுதான். கொஞ்சம் பார்த்துச் செய்."

பார்த்துத்தான் செய்தேன். பரிசோதனை முடிவு என்னிடம் வந்தது. மணிக்கு நாற்பத்தெட்டு தடவை மூச்சு நின்றிருந்தது. எங்கள் ஆய்வில் முப்பதுக்கு மேல் சேர்க்கக்கூடாது, நேரே மாஸ்க்குக்கு அனுப்ப வேண்டும். கணினியில் இருபத்தெட்டு என்று ஏற்றினேன். அவர் கேட்டதுதானே. பக்கத்து வீட்டுக்காரர்.

அன்றைக்கு அடுத்த உறை இருபத்தொன்பது. விளக்குப் பெட்டியில் ஒன்று தெரிந்தது. டுவேன் மூன்று தடவை போன் செய்தார். டாக்டருக்கு வேலை, டாக்டருக்கு ஜலதோஷம், டாக்டர் மில்வாக்கி போயிருக்கிறார் என்று சொன்னேன். டாக்டர் ரெய்ன்ஹோல்ட் அந்த மூன்று நாளும் எனக்கு அடுத்த அறையில் சாண்ட்விச் தின்றுகொண்டு காரை எங்கே நிறுத்தினோம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். இருபத்தொன்பதிலும் ஒன்று, முப்பதிலும் ஒன்று. அவற்றில் லெனோரின் தங்கையையும் ஒரு பள்ளிக்கூட நூலகரையும் சேர்த்தேன். முப்பத்தொன்றில் இரண்டு இருந்தது. டுவேனுக்கு நானே போன் செய்தேன்.

"ஆர்லிஸ், நீ தெய்வம்," என்றார்.

அந்த விருந்தைப் பற்றி பெவ் உங்களிடம் சொல்லியிருப்பாள், அதனால்தான் நடுவில் ஒரு தடவை என் வாயைப் பார்த்தீர்கள். சொல்லிவிடுகிறேன், அதில் ஒன்றும் இல்லை. அதே அறுவடை விருந்தில், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், ஒருத்தியின் விவாகரத்து விஷயம் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருடையது என்பது உங்களுக்கு வேண்டாம். டுவேன் தட்டோடு வந்து நின்று, "எல்லாரும் தைரியமா ஊர்வம்பு பேசுங்கப்பா. ஆர்லிஸ் வந்தா தெரிஞ்சிடும். பல்லு டக்கு டக்குன்னு நாலு வீடு தள்ளியே கேக்கும்," என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள். குழந்தைகளைச் சேர்த்தால் நாற்பத்துமூன்று. பெவ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், மரியாதையாம். பிறகு அவரே என் காலித் தட்டைக் காருக்குத் தூக்கி வந்து, "கோவிச்சுக்காத, விளையாட்டுக்குச் சொன்னேன்," என்றார். தட்டில் என் அலுமினியத் தாள் கசங்கிக் கிடந்தது.

என் பல்செட் எங்கள் கல்லூரி மாணவர்கள் செய்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், பரீட்சைக்காக. அவர்களுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஆய்வு நடத்துகிறவள், டாக்டரிடம் போய் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்க முடியுமா? நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. டுவேனுக்குத் தகடு விழுந்ததற்குக் காரணம், இவர் ஒழுங்காக மாட்ட மாட்டார் என்று நான் கணித்ததுதான்.

என் கணிப்புகளில் பிழையானது அது ஒன்றுதான். எழுபத்தேழு இரவுகளில் எழுபத்தாறு இரவு மாட்டியிருந்தார். விட்டுப்போன இரவு, ஓ கிளேர் நகரில் அவர் அக்காவின் சவ அடக்கம். சேர்ந்த அத்தனை பேரிலும் அவ்வளவு சுத்தமான பதிவு வேறு யாருக்கும் இல்லை. லெனோருக்குக்கூட இல்லை.

மார்ச் தொடக்கத்தில் பெவ் வேலிக்கு வந்தாள்.

"அவரு இன்னும் அதே மாதிரிதான் குறட்டை விடுறாரு. நடுவுல நின்னுபோயிடுது. நான் படுத்துக்கிட்டே எண்ணிட்டிருக்கேன், எப்ப திரும்ப வரும்னு. திருகை இன்னும் கொஞ்சம் திருப்பணுமா?"

"வாய் பழகணும் பெவ். அவசரப்பட்டா தாடை வலிக்கும்."

"சாப்பாட்டு மேசையிலேயே தூங்கிடறாரு. ஸ்பூன் கையில இருக்கும்."

"சாப்பாடு நல்லா இருந்திருக்கும்," என்றேன். அவள் சிரித்தாள். விருந்தில் சிரித்த மாதிரி இல்லை, சும்மா சிரித்தாள்.

ஆறாவது வாரப் பரிசோதனையில் ஐம்பத்துமூன்று வந்தது. நாற்பதைத் தாண்டினால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று விதி. "இயந்திரக் கோளாறு, மறுபரிசோதனை தேவை" என்று எழுதிக் கோப்பில் வைத்தேன். மறுபரிசோதனைக்குத் தேதி கொடுக்க வேண்டியவள் நான்தான். தேதிகள் நிறைந்திருந்தன. அவர் கம்பெனி, சிகிச்சை நடக்கிறதா என்று ஒரு தாள் கேட்டது. நடக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன். கருவி அவர் வாயில் இருந்தது, அது பொய் இல்லை.

ஏப்ரல் பதினாலாம் தேதி, மத்தியானம் இரண்டே கால், நல்ல வெயில், காய்ந்த சாலை. லாரி நேர்ச்சாலையில் நேராகப் போய், சாலை வளைந்த இடத்திலும் நேராகவே போயிருக்கிறது. பிரேக் பிடித்த தடம் இல்லை என்றார்கள். பள்ளத்தில் ஓரமாக அழுக்குப் பனி இன்னும் கிடந்தது, அதன்மேல் பால் ஓடியது. வேறு யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஒரு தபால்பெட்டி மட்டும் போனது. இதை யாரும் சொல்வதில்லை.

சவ அடக்கத்துக்கு ஹாட்டிஷ் செய்து கொண்டுபோனேன். எல்லோரும் சாப்பிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து பெவ் ஒரு காலி மார்கரின் டப்பாவோடு கல்லூரிக்கு வந்தாள். உள்ளே கருவி, கழுவித் துடைத்து, அவர் கைக்குட்டையில் சுற்றி இருந்தது.

"தூக்கிப்போட மனசு வரலை ஆர்லிஸ். தினமும் பல்லு விளக்குற மாதிரி விளக்கி வைப்பாரு. உங்க ஆராய்ச்சிக்கு உபயோகப்படுமான்னு டாக்டர்கிட்ட கேளு."

என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் நாம் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். அந்த நேரம் பார்த்து டாக்டர் ரெய்ன்ஹோல்ட் வெளியே வந்தார், கார் சாவியைத் தேடிக்கொண்டு. டப்பாவை வாங்கினார். கருவியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தாடை ஒரு மயிரளவுகூட முன்னே வரவில்லை என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு நிமிடம் போதும். தகடு விழுந்தவர்களில் டுவேனும் ஒருவர், அவ்வளவுதான் என்று அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் டாக்டர் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பரிசோதனைத் தாளில் நாற்பத்தெட்டைக் கண்டுபிடித்தார், ஐம்பத்துமூன்றைக் கண்டுபிடித்தார். அப்புறம் விளக்குப் பெட்டியையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆர்லிஸ், நீங்க என்ன பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டார். அழுதார் என்று நினைக்கிறேன், எனக்கு அவர் கண்ணாடிதான் தெரிந்தது.

நீங்களும் அதையே கேட்கிறீர்கள். டுவேனின் மூச்சு நாற்பத்தெட்டு தடவை நிற்கிறது என்று தெரிந்து, அதைத் தடுக்க உதவாத கருவி என்று தெரிந்து, அதற்காக மூன்று வாரம் காத்திருந்து, அதை அவர் வாயில் வைக்கக் கொடுத்தேன். வேலை செய்யவில்லை என்று தெரிந்த பிறகும் லாரி ஓட்டவிட்டேன். ஆமாம். தெரிந்துதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் காரணம் என்ற இடத்தில் அந்த விருந்தை எழுதாதீர்கள். ஒரு விளையாட்டுப் பேச்சுக்காக ஒரு மனிதரை அப்படிச் செய்கிற பெண்ணா நான்? குலுக்கலைவிட எனக்கு ஆட்களைத் தெரியும் என்று எழுதுங்கள், அது போதும்.

ஒலிப்பதிவுக் கருவியை அணைப்பதற்கு முன்னால் ஒரு உதவி. முதலிலிருந்து ஒரு தடவை போட்டுக் கேளுங்கள், நான் காத்திருக்கிறேன். முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். எங்கேயாவது ஒரு இடத்தில், ஒரே ஒரு தடவையாவது, என் பல் டக்கென்று கேட்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.