கால் ஸ்பூன் உப்பு

சமைச்சது நானில்ல சிஸ்டர். அத மொதல்ல எழுதிக்கோங்க. பத்தொம்பது வருஷமா எங்க வீட்டு கிறிஸ்துமஸ் சமையல் என்னுது. இந்த வருஷம் மட்டும் சின்னவ. சின்னவன்னா என் கொழுந்தன் பொண்டாட்டி. அதோ, ஜன்னல் பக்கம் மூக்கச் சிந்திக்கிட்டு நிக்கிறாளே, அவதான். அழுகை பாதி, ஜலதோஷம் பாதி. உள்ள ஆக்சிஜன் மாட்டி வச்சிருக்கீங்களே, அவரு எங்க மாமனாரு. நான் மூத்த மருமக.

சொல்றேன், சொல்றேன். மூணு நாளா என்னென்ன சாப்பிட்டாருன்னுதான கேக்குறீங்க? அதுக்குத்தான் வர்றேன். அந்தத் தாள்ல எடம் பத்தாது, பின்பக்கமும் எழுத வேண்டியிருக்கும்.

ஆறு மாசம் முன்னாடி இதே ஆஸ்பத்திரியிலதான் படுத்திருந்தாரு. இதயம் சரியா பம்ப் பண்ணல, தண்ணி தேங்குதுன்னு சொன்னீங்க. உப்பு, எண்ணெய், வெண்ணெய் எல்லாத்தையும் கொறைக்கச் சொல்லி ஒரு தாள் குடுத்தீங்க. நான் அத ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சேன். சின்னவ மனப்பாடம் பண்ணிட்டா. மருந்துக்கடையில வேல பாக்குறவ பாருங்க, எதையும் அளந்துதான் ஊத்துவா, எழுதித்தான் ஒட்டுவா.

டிசம்பர் பொறந்ததும் பொறக்காததுமா எல்லாரும் சாப்பிட உக்காந்திருக்கும்போது ஆரம்பிச்சா. அக்கா, இந்தத் தடவ நான் பாத்துக்கிறேன், எல்லாம் லைட்டா, மாமா சாப்பிடுற மாதிரி. மூணு நாள் முன்னாடியே செஞ்சு ஃப்ரிட்ஜுல வச்சிடலாம், நீங்களும் நிம்மதியா சர்ச்சுக்கு வரலாம்னா. கேக்க எவ்ளோ நல்லா இருக்கு! பத்தொம்பது வருஷமா கிறிஸ்துமஸ் காலையில நான் சர்ச்சுக்குப் போனதில்ல. எல்லாரும் புதுத்துணி போட்டுட்டுப் போவாங்க, நான் அடுப்படியில நிப்பேன். அப்பல்லாம் ஒருத்தருக்கும் என் நிம்மதி ஞாபகத்துக்கு வரல. எங்க வீட்டுக்காரர் உடனே, ஆமா, உனக்கும் ஓய்வுதானங்கிறாரு. வேலைய விட்டுத் தூக்குறப்பவும் இப்படித்தான சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க?

அவ வீட்டு ஃப்ரிட்ஜ் சின்னது. அதனால டப்பா எல்லாம் என் வீட்டுக்கு வந்துச்சு. கீழ் வீட்டுல நாங்களும் மாமாவும், மாடியில அவங்க. நான் வாங்கி வச்சிருந்த கறி, வெண்ணெய் எல்லாத்தையும் கீழ்த்தட்டுக்குத் தள்ளிட்டு மேல வரிசையா அடுக்கினா. காய்கறி சூப் ஒரு பெரிய டப்பா. தோல் உரிச்ச கோழி, எலுமிச்சம்பழம் புழிஞ்சு ஓவன்ல வேகவச்சு, அதுக்கு ஒரு தண்ணிக் கிரேவி. மசிச்ச உருளைக்கிழங்கு, பால் மட்டும் ஊத்தி. பேரீச்சம்பழம் போட்ட கேக், சர்க்கரையே கெடையாது. ஒவ்வொன்னு மேலயும் லேபிள். பேர், தேதி, உப்பு கால் ஸ்பூன். எனக்கு அந்த லேபிளப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும். என் வீட்டு ஃப்ரிட்ஜத் தெறந்தா அவ கையெழுத்து!

பொறாமையா? ஆமாங்க. இல்லேன்னு சொல்லி யார ஏமாத்தப் போறேன்? ராத்திரி தண்ணி குடிக்க ஃப்ரிட்ஜத் தெறப்பேன், அந்த டப்பாவெல்லாம் என்னப் பாத்து பல்லக் காட்டும். மூடிடுவேன். தண்ணி குடிக்காமயே போய்ப் படுத்துடுவேன்.

உங்களுக்கு எங்க மாமாவத் தெரியாது. கடிகாரம் ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்தவரு. வாயில இருந்து ஒரு நல்ல வார்த்த வாங்குறது கல்லுல நார் உரிக்கிற வேல. பத்தொம்பது கிறிஸ்துமஸ் சமைச்சுப் போட்டிருக்கேன். ரோஸ்ட் பண்ணா ம். கேக் பண்ணா பரவால்ல. ஒரு வருஷம் மட்டும் சாப்பிட்டு முடிச்சிட்டு, இன்னிக்கு கறி வெந்திருக்குன்னாரு. அந்த ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு நான் ரெண்டு வருஷம் ஓட்டினேன். சிரிக்காதீங்க சிஸ்டர். அத்தை போன பிறகு அவருக்கு சோறு போட்டவ நான். ஒரு நல்ல வார்த்தைய அவரு மகன்கிட்ட எதிர்பாக்கல, அவருகிட்ட எதிர்பாத்தேன்.

இருபத்தி மூணாம் தேதி சின்னவ ஒரு கிண்ணம் சூப் சூடு பண்ணி, மாமா ருசி பாருங்கன்னு நீட்டினா. நான் கதவோரம் நின்னு பாக்குறேன். எனக்கு ஒரு நப்பாசை, இப்ப மூஞ்சியச் சுளிக்கப் போறாருன்னு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க? மனுஷன் முழுசாக் குடிச்சாரு. குடிச்சிட்டு, எனக்காக இவ்ளோ யோசிச்சு செஞ்சிருக்கியேம்மான்னாரு. அம்மான்னாரு சிஸ்டர்! என்ன இத்தன வருஷமா ஏங்கன்னுதான் கூப்பிட்டிருக்காரு, மாடிக்குத் தபால் குடுக்க வந்தவனக் கூப்பிடுற மாதிரி.

ஆங்... கிறிஸ்துமஸ் அன்னிக்கு. அதுக்குத்தான் வர்றேன். காலையில எல்லாரும் சர்ச்சுக்குக் கெளம்பிட்டாங்க. எனக்கு மட்டும் தலவலி. புடவையெல்லாம் இஸ்திரி போட்டு வச்சிருந்தேன், போகப் பிடிக்கல. சின்னவ போற போக்குல, அக்கா, நீங்க எதுவும் செய்ய வேணாம், பதினோரு மணிக்கு டப்பாவ எடுத்து சூடு மட்டும் பண்ணிடுங்கன்னா. சூடு மட்டும். இருபது பேருக்கு ஒத்த ஆளா சமைச்சவளுக்கு குடுத்த வேலையப் பாத்தீங்களா?

மத்தியானம் ஒம்பது பேர் உக்காந்தோம். மாமா மொதல் ஸ்பூன் சூப் வாயில வச்சாரு. அப்படியே நிறுத்திட்டாரு. நான் என் ஸ்பூனக் கீழ வச்சிட்டேன். அப்புறம் கண்ண மூடிக்கிட்டு, ஆகான்னாரு. எங்க மாமா வாயில ஆகா! ஆறு மாசத்துல இன்னிக்குத்தான் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருக்குன்னு இன்னொரு கிண்ணம் கேட்டாரு. உருளைக்கிழங்க மூணு தடவ வாங்கினாரு. கிரேவிய ரொட்டியால தொடச்சு தட்டையே பளபளன்னு ஆக்கிட்டாரு. சின்னவளுக்கு தலைகால் புரியல. நாலு நாளா ஜலதோஷம், அவளுக்கு ருசியும் தெரியல, வாசமும் தெரியல. முன்னாடியே செஞ்சு வச்சா ருசி உள்ள எறங்கும் மாமா, அதான்னு ஒரு விளக்கம் வேற. எல்லாரும் கை தட்டினாங்க. எங்க வீட்டுக்காரரும் தட்டினாரு. கொழுந்தன் அவ தலையில கைய வச்சு, என் பொண்டாட்டின்னாரு. மாமா அவகிட்ட, உன் கைப்பக்குவம் யாருக்கும் வராதும்மான்னு சொல்லிட்டு எழுந்தாரு. நான் அங்கதான் உக்காந்திருக்கேன். அடுத்த நாற்காலியில. எழுந்து போய் பாத்திரம் தேய்க்கிற சாக்குல குழாயத் தெறந்துவிட்டு அழுதேன்.

சாயந்தரமும் மிச்ச சூப்பு, மிச்ச கிழங்கு. அவரே கேட்டு வாங்கி சாப்பிட்டாரு. இன்னிக்கு விடிஞ்சதும் கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு, படுத்தா மூச்சு முட்டுது, உக்கார வச்சே தூக்கிட்டு வந்தோம்.

அவ அந்த லேபிள் எல்லாத்தையும் உரிச்சு எடுத்துட்டு வந்து உங்க டாக்டர்கிட்ட காட்டினா. கால் ஸ்பூன், கால் ஸ்பூன், கால் ஸ்பூன். டாக்டரும் பாவம், எழுத்தப் பாத்தா நம்பத்தான செய்வாரு? சாப்பாடு பத்தியமாத்தான் இருந்திருக்கு, அப்படியும் தண்ணி தேங்குதுன்னா இதயம் இன்னும் மோசமாயிடுச்சுன்னு அர்த்தம், நாளைக்கு காலையில டியூப் விட்டுப் பாத்திடலாங்கிறாரு. எங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட கீழ போயிருக்காரு. டியூப்னா தொடையில குத்தி நெஞ்சு வரைக்கும் விடுவீங்களாமே? எழுபத்தி நாலு வயசு சிஸ்டர். ஊசிக்கே கண்ண மூடிக்கிறவரு.

அதான் உங்கள ஓரமாக் கூப்பிட்டேன். உங்க தாள்ல எழுதியிருக்கிற அந்தக் கால் ஸ்பூன அடிச்சிடுங்க.

சூப்புல நாலு ஸ்பூன் உப்பு. கிரேவியில ரெண்டு. கிழங்குல ரெண்டு, அதோட ஒரு கட்டி வெண்ணெய் முழுசா. ஆமா, நான்தான். அவங்கல்லாம் சர்ச்சுல பாடிக்கிட்டிருந்த நேரம். இல்லம்மா, அவரக் கொல்லணும்னு நெனப்பேனா? அவரு உடம்பே அப்ப என் ஞாபகத்துல இல்ல, அதான் உண்ம, அதுக்கு எந்தத் தண்டன வேணா குடுங்க. வாயில வைக்க முடியாம எல்லாரும் துப்பணும், அவ மூஞ்சி தொங்கணும், அவ்ளோதான் வேண்டியிருந்துச்சு. அள்ளி அள்ளிக் கொட்டணும்னுதான் டப்பாவத் தெறந்தேன். ஆனா இந்தக் கை இருக்கே, பத்தொம்பது வருஷப் பழக்கம். நாலாவது ஸ்பூனப் போட்டுக் கிண்டினதும் தானா நின்னுடுச்சு. அதுக்கு மேல போட வரல. ருசி பாத்தேன், கச்சிதம். பாழாக்கப் போனவ சமைச்சிட்டு வந்துட்டேன்.

போங்க, டாக்டர் ரவுண்ட்ஸ் முடிச்சுப் போறதுக்குள்ள சொல்லிடுங்க. தண்ணி எறங்க மருந்து குடுத்துப் பாக்கட்டும், டியூப் வேணுமா வேணாமான்னு அப்புறம் முடிவு பண்ணட்டும். எங்க வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். மாமாகிட்டயும் நானே சொல்லுவேன், கண்ணு முழிச்சதும். சின்னவகிட்ட மட்டும் இப்ப... வேணாம். இல்ல, சொல்லுங்க சிஸ்டர். அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. அவரு மூணு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டது யாரு கைப்பக்குவம்னு அவளுக்கும் தெரியட்டும்.