பட்டினி எடை

விமானங்களை ஓரம் தள்ளிவிட்டு இந்தக் கொட்டகையையே மன்றமாக்கி வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! சங்கம் தொடங்கிய நாள்முதல் தோள்கொடுத்துத் தூக்கி நிறுத்திய பெரியோர்களே! ஞாயிறுதோறும் கணவன்மாரையும் பிள்ளைகளையும் வானத்துக்கு அனுப்பிவிட்டு, அண்ணாந்து பார்த்துப் பார்த்தே கழுத்து வலி கண்ட தாய்மார்களே! எஞ்சின் எண்ணெயில் என்னோடு கை கறுத்த தோழர்களே! ஒரே நாளில் கணவரையும் கூடப்பிறந்த தம்பியையும் பறிகொடுத்துவிட்டு, இந்த முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் என் தங்கையே! உங்கள் எல்லோருக்கும் தலை தாழ்த்தி வணக்கம் சொல்கிறேன். இன்று நான் தலை தாழ்த்துவது மரியாதைக்காக மட்டும் அல்ல. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

சற்றுமுன் செயலாளர் ஒரு தீர்மானம் வாசித்தார். “சட்டம் அனுமதித்ததைவிடக் கூடுதல் எடையை விமானி ஏற்றிச் சென்றதே விபத்துக்குக் காரணம், சங்கத்துக்கு இதில் பொறுப்பு ஏதும் இல்லை.” நல்ல தமிழ். நறுக்கென்ற தமிழ். அதை வழிமொழிய என்னை அழைத்தார்கள். ஏன் என்னை? இந்தச் சங்கத்தின் விமானங்களை எடை போட்டுக் கையெழுத்திடுகிறவன் நான். நான் வழிமொழிந்தால் மறுபேச்சு இருக்காது. ஐந்து நிமிடத்தில் கூட்டம் முடியும், அடுப்பில் தேநீரும் தயாராக இருக்கிறது.

தேநீர் கொஞ்சம் ஆறட்டும், தலைவரே.

இலகுரக விளையாட்டு விமானம் என்றால் என்ன? தாய்மார்களுக்காகச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இருக்கை இரண்டுக்கு மேல் இருக்கலாகாது. எஞ்சின் ஒன்றுக்கு மேல் இருக்கலாகாது. சக்கரம் உள்ளே மடங்கலாகாது. மெல்லப் பறந்தாலும் சரியாமல் பறக்க வேண்டும், வேகமாகப் பறந்தாலும் வரம்புக்குள் பறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளும் பையும் பெட்ரோலும் விமானமும் சேர்ந்து அறுநூறு கிலோவைத் தாண்டலாகாது. அறுநூறு! அந்த எண்ணுக்குள் அடங்கி நின்றால் சின்ன உரிமம் போதும், சின்னச் சோதனை போதும். பல் மருத்துவரும் பறக்கலாம், கண்ணாடிக் கடைக்காரரும் பறக்கலாம். கனவு கண்டவன் எல்லாம் பறக்கலாம்.

அந்தச் சட்டம் இன்னொன்றும் செய்தது. நம்மை நம்பியது. கட்டியவனே எடை போடு, எடை போட்டவனே எழுது, எழுதியவனே கையெழுத்துப் போடு என்று நம் கையில் விட்டது. விட்ட சட்டத்தை நாம் என்ன செய்தோம்? அதைச் சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், இதோ இந்த இடத்தில், நாம் ஆறு பேர் இரண்டு வருடம் முதுகு ஒடியக் கட்டிய விமானத்தை எடை போட்டோம். மூன்று சக்கரத்துக்கு மூன்று தராசு. மூன்றையும் கூட்டினேன். முந்நூற்று எழுபத்தைந்து கிலோ. அறுநூற்றில் அதைக் கழித்து, நிறைந்த தொட்டிக்கு ஐம்பதையும் கழித்தால், இரண்டு ஆளுக்கு மிஞ்சுவது நூற்று எழுபத்தைந்து. கட்டிய ஆறு பேரில் பாதிப் பேர் ஜோடியாக ஏற முடியாது. நம் பல் மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “ரெண்டு வருஷம் உழைச்சு ஒத்தை ஆளு வண்டியா கட்டியிருக்கோம்? இன்னொரு சீட்ல என்ன, தலகாணியா வச்சுக்கறது?” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் ஒரு குரல் சொன்னது: “பட்டினி போட்டு நிறுத்திப் பாப்போம்.”

பின்வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள். பட்டினி எடை என்றால் என்னவென்று இந்தக் கொட்டகையில் யாருக்குத் தெரியாது? தெரியாத தாய்மார்களுக்குச் சொல்கிறேன். இருக்கை மெத்தைகளைக் கழற்றினோம், எட்டுக் கிலோ. பேட்டரியைக் கழற்றினோம், ஏழு. சக்கர மூடிகள், ஆறு. தரை விரிப்பு, நாலு. கருவிப் பை, நாலு. உபரி ரேடியோ, மூன்று. எஞ்சின் எண்ணெயை வடித்தோம், மூன்று. தீயணைப்பு உருளை, இரண்டு. எல்லாவற்றையும் ஓரமாகத் தார்ப்பாயில் வரிசையாக அடுக்கினோம். மறுபடி தராசைப் பார்த்தேன். முந்நூற்று முப்பத்தெட்டு. முப்பத்தேழு கிலோ மாயம். அந்த எண்ணை விமானிக்கு எதிரே இருக்கும் எடைத் தகட்டில் பொறித்தோம். பொறித்த கையோடு அத்தனையையும் திரும்ப உள்ளே மாட்டினோம்.

பேட்டரி இல்லாமல் எஞ்சின் கிளம்புமா? எண்ணெய் இல்லாமல் ஓடுமா? வெறும் தகரத்தில் உட்கார்ந்தா பறக்கப் போகிறோம்? இந்த மூன்று கேள்வியையும் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. “எல்லா கிளப்லயும் இப்படித்தான்” என்றோம். தப்பு என்றே நமக்குத் தோன்றவில்லை, அதுதான் கொடுமை. பட்டினி போட்டுப் பார்ப்போம் என்ற அந்தக் குரல் யாருடையது என்று தேடாதீர்கள். இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் இதே குரல்தான்.

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். “தலைப்பை ஒட்டிப் பேசவும்” என்று எழுதியிருக்கிறது. ஐயா, இதைவிட ஒட்டிப் பேச எனக்குத் தெரியாது.

இந்தத் தங்கையின் கணவர், நம் கண்ணாடிக் கடைக்காரர், சங்கத்தில் சேர்ந்தது அதற்குப் பிறகு எட்டு மாதம் கழித்து. அவருக்கு எதுவும் தெரியாது. எப்பேர்ப்பட்ட மனிதர்! குளியலறைத் தராசு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். கூட வருகிறவர் யாரானாலும், செருப்போடு, சட்டைப் பையில் உள்ள சாவியோடு அதில் ஏற்றி எடை பார்த்துக் குறித்துக்கொள்வார். நாம் கேலி செய்யாத நாள் உண்டா? “பொண்ணு பாக்கவே இவ்வளவு பாக்க மாட்டாங்கய்யா” என்று நானே சிரித்திருக்கிறேன். அவரும் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் அந்தத் தகட்டைத் தொட்டுக் காட்டி என்னிடம் கேட்டார். “சார், என் கணக்கெல்லாம் இந்த நம்பரை நம்பித்தான். இது சரிதானே?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கையெழுத்துப் போட்டது நான்தாங்க” என்றேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். என் கையெழுத்தின் மேல் அந்த மனிதருக்கு அவ்வளவு மரியாதை.

விபத்து நடந்த மூன்றாம் வாரம் இந்தத் தங்கை என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கணவரின் குறிப்பேட்டை நீட்டினார். “அண்ணா, தம்பி ரொம்ப நாளா ஆசைப்பட்டான். அவனை ஏத்திட்டுப் போங்கன்னு சொன்னது நான். அவன் குண்டு, அதான் விழுந்துச்சுன்னு கடைத்தெருவுல பேசிக்கறாங்க. நானே ரெண்டு பேரையும் அனுப்பி வச்சுட்டேனா? கணக்குல எங்க தப்புன்னு பாத்துச் சொல்லுங்க” என்றார்.

பார்த்துச் சொல்கிறேனம்மா என்று வாங்கி வைத்தேன். பத்தொன்பது நாள் ஆயிற்று. பார்க்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சொல்லத்தான் வாய் வரவில்லை. கோழையாக இருந்துவிட்டேன், தாய்மார்களே.

அந்தக் குறிப்பேட்டில் என்ன இருக்கிறது? விமானம் முந்நூற்று முப்பத்தெட்டு. பெட்ரோல் ஐம்பது. தான் எண்பத்தாறு. மைத்துனர் நூற்று நான்கு. கூட்டுத்தொகை ஐந்நூற்று எழுபத்தெட்டு. பக்கத்தில் ‘இருபத்திரண்டு மிச்சம்’ என்று அடிக்கோடு. அந்த எடைக்கு எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று அட்டவணை பார்த்திருக்கிறார். நண்பகல் வெயிலுக்குத் தனியாகத் தூரம் கூட்டியிருக்கிறார். ஓடுதளத்தின் முனையில் போகும் மின்கம்பிக்கு மேலே ஆறு மீட்டர் இடைவெளி கிடைக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார். இதைவிட ஒரு மனிதன் என்னதான் செய்ய முடியும்? ஆனால் நாம் மறைத்த முப்பத்தேழையும் சேர்த்தால், அன்று அந்த விமானத்தின் எடை அறுநூற்றுப் பதினைந்து. அந்த ஆறு மீட்டரும் இல்லை. சக்கரம் கம்பியில் மாட்டியது.

உண்மையான எடை தெரிந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? உங்கள் எல்லோருக்கும் தெரியும். செருப்பின் எடையையே விடாத மனிதர், “மன்னிச்சுக்கோ மாப்ளே, இன்னிக்கு முடியாது” என்று சொல்லி மைத்துனரை இறக்கிவிட்டிருப்பார். இருவரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள். அக்காவிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

“அதுக்காக கிளப்பையே மூடிடலாமா” என்கிறார் ஒருவர். நியாயமான கேள்விதான் ஐயா. சங்கம் மூடினால் நமக்கு ஞாயிற்றுக்கிழமை போகும். இந்தத் தீர்மானம் நிறைவேறினால் இவர்களுக்கு என்ன போகும்? செத்தவர் பேர் போகும். அக்காதான் தம்பியைக் கொன்றாள் என்ற பேச்சு இந்த ஊரில் நிலைத்துவிடும். வானம் வஞ்சித்தது என்போமா? காற்று கைவிட்டது என்போமா? கையாலே, காகிதத்திலே, கண்ணைத் திறந்துகொண்டே செய்த காரியத்தைக் காற்றின் தலையில் கட்ட முடியுமா? பிணத்தின் தலையில் கட்டலாமா?

தலைவர் மணி அடிக்கிறார். முடித்துவிடுகிறேன்.

இந்தத் தீர்மானத்தை நான் வழிமொழியவில்லை. எதிர்க்கிறேன். ஓரமாக நிற்கும் இந்த இரண்டு விமானங்களுக்கும் நான்தான் எடை போட்டேன், இரண்டும் பட்டினி எடை. மறுபடி நேர்மையாக நிறுக்கும்வரை இவற்றில் ஒருவரும் ஏற வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுகிறேன். விசாரணை அதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதி இன்று காலை அனுப்பிவிட்டேன். அதில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அன்று தார்ப்பாயில் அடுக்கிய மற்றவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதட்டும். என் உரிமம் போகும், அதற்கு மேலும் போகலாம். போகட்டும்.

வந்து அமர்ந்து பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், இடையில் எழுந்து போன இரண்டு பேருக்கும் நன்றி.

தங்கச்சி, நீங்க கேட்டதுக்கு எல்லார் முன்னாடியும் பதில் சொல்றேன். கணக்குல தப்பு இல்லம்மா. உங்க தம்பி எடையிலயும் தப்பு இல்ல. நீங்க அனுப்பினதுலயும் தப்பு இல்ல. கொன்னது நான். வணக்கம்.