மணற்பாக்கத்துச் சம்பந்தம்

— கடல் இருக்கு காளியாயி அங்க.

— கடலோர ஊர்ல கடல் இல்லாம மலைக்கோட்டையா இருக்கும்? அது சரி, வாழைக்கன்னு வாங்க லால்குடி போறேன்னு கெளம்புன மனுசனுக்குக் கடலு எப்படித் தெரிஞ்சுது?

— நான் என்ன சொல்றேன்னா... லால்குடிக்குத்தான் கெளம்புனேன். ஜங்ஷன்ல மெட்ராஸ் வண்டி நின்னுச்சு. ஏறிட்டேன்.

— மூணு நாளா ஆளக் காணோம். வேட்டி மடிப்புல ஒரு படி மணலு. மூக்குத் தோலு உரிஞ்சு தொங்குது. வாசப்படி ஏறுனப்பவே எனக்குத் தெரியும். மணற்பாக்கம் போயி மாப்பிள்ளை வீட்ட வேவு பாத்துட்டு வந்திருக்கீங்க.

— வேவு என்னடி வேவு? பொண்ணக் குடுக்கறவன் ஊரப் பாக்க வேணாமா? பாஸ்கரன் நல்ல பையன்தான். திருவெறும்பூர் ஃபேக்டரில வேலை, அதுவும் சரி. ஆனா குவார்ட்டர்ஸ் கெடைக்க ஒரு வருசம் ஆவுங்கறான். அதுவரைக்கும் நம்ம குழலி மாமியாரோட அந்த ஊர்லதான கெடக்கணும்?

— கெடந்தா என்ன? ஊரு எப்படி?

— ஊரா அது? கெழக்க கடலு, மேக்க கால்வாய், நடுவுல ரயில் பாதை. மிச்சமிருக்கிற எடத்துல சனங்க. இந்தப் பக்கம் பொரண்டு படுத்தா ரயிலு, அந்தப் பக்கம் பொரண்டா மீனு கடிக்கும்.

— கோயிலு?

— ஒரு பெருமாள் கோயில் இருக்கு. ஒரே பிராகாரம். சுத்த ஆரம்பிக்கிறதுக்குள்ள மறுபடி வாசல் வந்துருது. ரெண்டாந்தடவையும் சுத்திப் பாத்தேன், சுத்துன மாதிரியே இல்ல. ஸ்ரீரங்கத்துல ஏழு பிராகாரம் பாத்த காலுடி இது.

— அது சரி. சனங்க எப்படி?

— பாதிப் பேரு உப்பளத்துல. கால்வாசிப் பேரு வலையோட கடல்ல. மிச்சப் பேரு சாப்பாட்டு டப்பாவத் தூக்கிக்கிட்டு மெட்ராஸ் ரயிலுக்கு ஓடுறாங்க. ஸ்டேஷன்கிட்ட மீரான் பாய்னு ஒருத்தரு டீக்கடை வச்சிருக்காரு, அவருதான் ஊர்க் கதையெல்லாம் சொன்னாரு. முந்நூறு வருசத்துக்கு முன்ன டச்சுக்காரன் துணி வாங்கக் கப்பல்ல வந்து எறங்குனானாம். வந்தவன்ல பாதிப் பேரு காய்ச்சல்ல செத்துட்டானாம். கல்லறைக்குக் கூட்டிட்டுப் போயி காட்டுறாரு, அதுல ஒரு பெருமை வேற! வந்தவன் செத்ததுல என்னடி பெருமை?

— நம்ம ஊர்லயுந்தான் வெள்ளக்காரன் கல்லறை வரிசையாக் கெடக்கு.

— நாம யாருக்காவது டீ குடுத்து அதக் காட்டுறமா?

— சுத்தி வளைக்காதீங்க. ஒங்களுக்கு எது புடிக்கல? அதச் சொல்லுங்க.

— தண்ணி.

— கடல்ல தண்ணிக்கு என்ன கொறச்சல்?

— ஆடிப் பதினெட்டுக்குக் கல்யாண மாலைய எங்கடி விடுவா நம்ம பொண்ணு? காவிரில விட்டா அது பாட்டுக்கு ஆடிக்கிட்டே போயிரும். இங்க எப்படின்னு பாக்கலாம்னு ஸ்டேஷன் வாசல்ல ஒரு கதம்ப மாலை வாங்கிட்டுப் போயி கடல்ல விட்டேன்.

— அய்யய்யோ.

— திருப்பிக் கொண்டாந்து கால்ல போட்டுச்சு. எட்டி வீசுனேன். மறுபடி கொண்டாந்துச்சு. இடுப்பளவு எறங்கி வீசுனேன். இந்தத் தடவை மாலையோட சேத்து என்னையும் கொண்டாந்து கரையில போட்டுச்சு. கூட்டம் கூடிருச்சு. "பெரியவரே, என்ன கஷ்டம் இருந்தாலும் உசுர விடலாமா"ன்னு ஒருத்தன் என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவுறான்.

— பேரு கீரு சொல்லிட்டீங்களா?

— நான் ஏன் மறைக்கணும்? "திருச்சி பெரியண்ணன், காவிரிக் கரைக்காரன்"னு நெஞ்ச நிமித்திச் சொன்னேன். வாய் பூரா உப்பு.

— மானம் போச்சு. ஏங்க, தலை ஆடிக்குப் பொண்ண நாமதான அழைச்சுக்கிட்டு வருவோம்? மாலைய இங்கதான விடுவா?

— வழியில ரயிலு நின்னுட்டா?

— துறையூர்ப் பையன ஆறு இல்லாத ஊருன்னு தட்டுனீங்க. மண்ணச்சநல்லூர்ப் பையன ரைஸ்மில்லுத் தவிடு பறக்குதுன்னு தட்டுனீங்க. மன்னார்புரத்துப் பையன் வீட்டுல காத்து சரியில்லன்னீங்க. குழலிக்கு இருபத்திமூணு ஆவுது. பாவம், இவனத்தான் புடிச்சிருக்குன்னு அவளே வாய்விட்டுச் சொல்லிட்டா. ஒங்களுக்கு ஊரு பிரச்சனை இல்ல, அவ போறதுதான் பிரச்சனை.

— ஆமாண்டி! அவ போயிட்டா, கொல்லையிலேந்து வந்ததும் "அப்பா சாப்ட்டியா"ன்னு எனக்கு யாரு கேப்பா?

— ஏன், நான் கேக்கல?

— நீ கேக்கற. ஆனா போலீஸ்காரன் மாதிரி கேக்கற. முடிவாச் சொல்றேன், இந்தச் சம்பந்தம் வேணாம். கடுதாசி எழுதிப் போட்டுருவோம்.

— ஒண்ணும் எழுத வேணாம். அவங்களே வேணாம்னுட்டுப் போயிட்டாங்க.

— என்னது?

— முந்தாநாள் பையனோட அம்மா வந்தாங்க. நீங்க அங்க, அவங்க இங்க. பொண்ணு பொறந்த ஊரப் பாக்கணும்னாங்க. அம்மா மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். படித்துறையில நின்னுக்கிட்டு, "காவிரி எங்க?"ன்னு கேட்டாங்க.

— எங்கயாவா?

— "இதுதாங்க"ன்னேன். "இது மணலு, நான் ஆத்தக் கேட்டேன்"னாங்க.

— பங்குனி மாசம் மணலுதாண்டி தெரியும்! மேட்டூர்ல இன்னும் தண்ணி தொறக்கலயே!

— நானும் அதத்தான் சொன்னேன். "எங்க கடல்ல வருசம் பூரா தண்ணி இருக்கு, யாரும் தொறந்து விட வேண்டியதில்ல"ன்னாங்க.

— இந்தப் பேச்சு பேசுனாங்களா?

— இன்னும் கேளுங்க. "அகண்ட காவிரி அகண்ட காவிரின்னு சொன்னாங்க, அக்கரைக்குக் கழுதை காலு நனையாம போவுதே"ன்னாங்க.

— கழுதையா! எட்றீ என் சட்டைய!

— எங்க போறீங்க?

— தந்தி ஆபீசுக்கு! வைகாசில கல்யாணம், இதே ஊர்ல. ஆடிக்கு அந்தம்மா நம்ம வீட்டுல வந்து தங்கணும். பதினெட்டாம் பெருக்குக்குப் படித்துறையில நிப்பாட்டி, எம்பொண்ணு மாலைய விடுறதப் பாக்க வைக்கிறேன். கழுதை எங்க நடக்குதுன்னு அப்பச் சொல்லட்டும்!

— கடலோர ஊருங்க. நல்லா யோசிச்சுக்குங்க. மீனு கடிக்கும்.

— கடிக்கட்டும்! செருப்பு எங்கடி?

— வாசல்லதான் கெடக்கு. பாத்துப் போங்க, பஸ் நிக்கிறதுக்குள்ள எறங்காதீங்க.

— எனக்குத் தெரியும்!

— ... குழலி! கதவுக்குப் பின்னால நின்னு மூக்க உறிஞ்சுனது போதும், வெளிய வா. ஒங்கப்பா தெரு திரும்பிட்டாரு.

— அம்மா, நெசமாவே அப்பா ஒத்துக்கிட்டாரா? அது கெடக்கட்டும், அவங்கம்மா எப்பம்மா வந்தாங்க? முந்தாநாள் பூரா நான் வீட்டுலதான இருந்தேன், பாக்கவே இல்லையே!

— வந்தாத்தானடி பாப்ப?