இருபத்தெட்டு ஆம்பியர்

பட்டறைக்கு மின்சுமை கணக்கிடுகிறவர்கள் பொதுவாக மெஷின்களை எண்ணுவார்கள். நான் ஆட்களை எண்ணுவேன். ரம்பத்தில் நிற்கிறவர் அதே நேரத்தில் இழைப்பு மெஷினிலும் நிற்க முடியாது.

வீட்டுக்குப் பின்னால் என் மனைவி வைத்திருந்த தச்சுப் பட்டறைக்கும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். ரம்பம் பத்து ஆம்பியர், இழைப்பு மெஷின் பன்னிரண்டு. வேலை செய்வது அவள் ஒருத்தி என்பதால் பெரியதை மட்டும் எடுத்துக்கொண்டேன். தூசி உறிஞ்சும் மெஷின் ஐந்து, விளக்கும் விசிறியும் ஒன்று. மொத்தம் பதினெட்டு. அதற்கேற்ற கம்பி இழுத்து, சப் போர்டில் இருபது ஆம்பியர் பிரேக்கர் மாட்டினேன். சுமை மிஞ்சினால், கம்பி கொதிப்பதற்குள் பிரேக்கர் ட்ரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

ஏழு மாதம் ஒரு முறைகூட ட்ரிப் ஆகவில்லை. பிறகு மதியங்களில் ஆகத் தொடங்கியது.

“ஏங்க, இந்தத் தெருவுலயே இன்ஜினியர் வீட்டுலதான் கரண்ட் நிக்க மாட்டேங்குது. வெளிய சொன்னா சிரிப்பாங்க.”

போர்டில் பதிவு மீட்டரை மாட்டிவிட்டு அலுவலகம் போனேன். மாலையில் பார்த்தால் இருபத்தெட்டு. ரம்பமும் இழைப்பு மெஷினும் ஒன்றாக ஓடியிருக்கின்றன. அப்படியானால் உள்ளே இரண்டு பேர்.

“கூட யாராவது வேலை செய்றாங்களா?”

“ஆமா, ஒரு பட்டாளமே இருக்கு. போங்க நீங்க. எனக்கே நாலு கை முளைச்சிருக்கு.”

சிரித்தாள். இல்லை என்று சொல்லவில்லை.

பதினோரு நாள் அளந்தேன். ஒன்பது நாள் இருபத்தெட்டு. மற்ற இரண்டும் ஞாயிற்றுக்கிழமைகள். அவனும் குடும்பஸ்தனாக இருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் காலை அறுபத்துமூன்று ஆம்பியர் பிரேக்கரை மாட்டினேன். கம்பியை மாற்றவில்லை. மரச்சுருள் சாக்குகளைக் கம்பி போகும் சுவரோரம் நகர்த்தி வைத்தேன்.

“இனிமே ட்ரிப் ஆகாது.”

“அப்பாடா. இதுக்கு இத்தனை நாளா?” என்று டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மூன்று மணிக்கு அவள் அண்ணன் போன் செய்தார். எல்லாம் முடிந்த பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து அவர்தான் சொன்னார்:

“அந்த இழைப்பு மெஷின்ல பலகையோட முனையை வெச்சாப் போதும் மாப்ள, அதுவே இழுத்துக்குது. அது ஓடுற நேரத்துல இவ ரம்பத்துல நிப்பா. போன மாசம்தான் கண்டுபிடிச்சாளாம். எனக்குச் செஞ்சு காட்டினா. அவ்வளவு பெருமை அவளுக்கு.”

துக்கத்தில் இருக்கிறவரிடம் வாதாடக் கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஐயா, தீப்பிடிக்க வைத்தது நான்தான். அவள் உள்ளே இருப்பாள் என்று தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். உள்ளே இருந்தது ஒருவர் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்ததையும், ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்ததையும் நானும் பார்த்தேன். அவன் எந்த வழியாகத் தப்பினான் என்பதைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும்.